ஊமத்தை விழுதும் நாற்பது எருமைகளும்

1912ஆம் வருஷம் ஆடி மாதத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த நாற்பது தோல்களுக்கும் உரிய எருமைகள் உயிரோடு தெருவுக்கு வந்து நின்றன. தோல்கள் குழியிலேயே இருந்தன. எருமைகளுக்கும் தோல் இருந்தது. முதலாளி ரஷீத் அஹமது குழியை எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையாததால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காரணம், ஷாப்பில் தோல் மிதிக்கும் சுப்பராயனின் கால். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே வெடித்துப் புண்ணாகியிருந்தது. இதற்கு ஷாப்பு ஆட்கள் ஊமத்தை இலையை எண்ணெயில் காய்ச்சித் தொட்டுத் தடவுவார்கள். தோலில் சுரண்டிய மயிரும் சவ்வும் கொட்டுகிற மேட்டில் அந்தச் செடி இடுப்புயரம் வளர்ந்து கிடந்தது. சுப்பராயனுக்கு ஒரே நாளில் ஆற வேண்டும். அதன் முள்ளுக்காயை விதையோடு அரைத்து, இரண்டு காலிலும் அப்பி, கோணியால் கட்டிக்கொண்டு தோல் மிதிக்க இறங்கிவிட்டான். உச்சிவேளைக்குள் வாய் வறண்டது, கண்மணி விரிந்து கண்ணே கறுப்பானது. காற்றில் இல்லாத நூலைப் பிடுங்கினான். ஒவ்வொரு தோலையும் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டதெல்லாம் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் காலைக் கழுவிவிட்டு, "விஷம் புண்ணு வழியா மூளைக்கு ஏறிடுச்சு. இருக்கறது எது, இல்லாதது எதுன்னு பிரிக்கிற எடம் மரத்துப்போவும். மொகம் மறந்துபோவும். மூணு நாள்ல தெளியும்" என்றார்.

மூன்றாம் நாள் தெளிந்தது. எருமைகள் போகவில்லை. அவை எதுவும் தின்னவில்லை, ஆனால் சாணி போட்டன; தெருவே வறட்டி தட்டிக்கொண்டது. சுப்பராயனுக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. கஞ்சி கொண்டுவந்த பெண்டாட்டி அன்னம்மாளைப் பார்த்து, "நீ யாரும்மா? எங்க வூட்ல இன்னா பண்றே?" என்றான்.

"பதினோரு வருஷமா உனக்குப் பொங்கிப் போட்றேன்யா. எருமை பேரெல்லாம் தெரியுது, என் பேரு தெரியலியா?"

தெரியவில்லை. அறியாத பெண்ணோடு ஒரே கூரையில் இருப்பது தப்பு என்று அவன் எருமைகளுக்கு நடுவே பாயைப் போட்டுக்கொண்டான். மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். தெருப் பெண்கள் அவளைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "தாலி என் கழுத்துல கெடக்குது, நான் ஏன் போவணும்?" என்றவள், ஷாப்பிலேயே பட்டை இடிக்கச் சேர்ந்து, தினமும் அவன் எதிரே உலக்கை போட்டாள். இரண்டு வருஷம் இடித்தாள். பிறகு ஒரு நாள் சுப்பராயன் அவள் தம்பி கன்னியப்பனை ஓரமாகக் கூப்பிட்டான்.

"பட்டை இடிக்குதே, அது உங்க அக்காவாமே. புருஷன் இருக்கானா?"

"இருந்தான். இப்ப இருந்தும் இல்ல, மாமா."

"என்னை ஏன்டா மாமான்றே?"

"வாய்ப் பழக்கம்."

புருஷன் விட்டுப்போனால் பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டுவது அந்தத் தெருவின் வழக்கம்தான். சுப்பராயன் தன்னைப் பெண் கேட்கிறான் என்ற செய்தி கேட்ட அன்னம்மாள் உலக்கையைச் சாத்திவிட்டு, குனிந்து வெகுநேரம் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். பழைய தாலியைத் தானே கழற்றினாள். தை மாதம் கல்யாணம். விருந்தாளிகள் எருமைகளை ஒதுக்கி ஒதுக்கிப் பந்தலுக்கு வந்து சாப்பிட்டார்கள்.

இருவரும் இருபது வருஷம் நன்றாகவே வாழ்ந்தார்கள். அவளுடைய முதல் புருஷனைப் பற்றி சுப்பராயன் ஒருநாளும் கேட்டதில்லை. சரியான தறுதலையாக இருந்திருப்பான் என்று மட்டும் தனக்குள் முடிவு செய்திருந்தான்.