பதினொரு தாழ்ப்பாள்

"வலப்பக்கம் ரெண்டு சுத்து. சொல்லு."

"வலப்பக்கம் ரெண்டு."

"இடப்பக்கம் ஒண்ணு. கதவோட அடியில முழங்காலால ஓர் இடி. அப்புறம் வலப்பக்கம் மூணு. பதினொரு தாழும் ஒண்ணா உள்ள இழுத்துக்கும்."

ரெகீனா முழங்கை நீள ஆலயச் சாவியைக் கட்டில் பலகையின் கணுத்துளையில் விட்டுத் திருப்பிக் காட்டினாள். அவள் கணவன் மெர்த்தன் தலையணையில் சாய்ந்தபடி, பரீட்சை வைக்கும் வாத்தியாரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்டையில ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"பொம்பளைக்குச் சொல்றது இதுதான் முதல் தடவை. ஐந்நூறு வருஷத்துல."

"ஆம்பளைங்கதான் எல்லாரும் ஜெர்மனிக்குப் போயிட்டாங்களே. பூனைக்கா சொல்லுவ?"

அவன் சிரிக்க முயன்று இருமினான். அவன் சொன்னது தலைகீழ். முதலில் இடப்பக்கம் இரண்டு, பிறகு வலப்பக்கம் ஒன்று, இடி, கடைசியில் இடப்பக்கம் மூன்று. ஐம்பத்திரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில், பாட்டுப் புத்தகத்தோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரியாதா? தெரியும் என்று அவனிடம் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. ஆலயக் கதவைத் திறந்துவிட்டு அவன் ஊரைத் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதை அவள் கெடுக்க விரும்பவில்லை.

"மறக்க மாட்டியே?"

"மாட்டேன், மெர்த்தன்."

மத்தியானம், சூப் ஆறுவதற்குள் அவன் போய்விட்டான்.

ருமேனியாவில் ஜெர்மன் வம்சத்தார் குடியிருந்த வைடன்பாக் ஊரின் ஆலய மதில் இரண்டாள் படுக்கும் அகலம். துருக்கியர் படை மூன்று வாரம் இந்தக் கதவோடு மல்லுக்கட்டி, நாலாவது வாரம் படைத்தலைவன் பூட்டுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான் என்பது ஊரறிந்த சங்கதி. நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அதனால் மறுப்பவர்களும் இல்லை. ஆனால் இது நிஜமாகவே நடந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் மெர்த்தனின் அண்ணன் சாவியை ஒரே ஒரு முறை மாற்றிச் சுற்றினான். நடுத்தாழ் சிக்கிக்கொண்டது. பட்டணத்திலிருந்து கொல்லன் வர மூன்று நாள். கல்யாணம் ஆலய முற்றத்தில், ஊரார் தங்கள் பன்றிக்கொழுப்பைத் தொங்கவிட்டுப் பாதுகாக்கும் கோபுரத்தின் அடியில் நடந்தது. மாப்பிள்ளை கோட்டில் சொட்டிய எண்ணெய் இன்றுவரை போகவில்லை என்கிறார்கள். அந்த மாப்பிள்ளை மெர்த்தன்தான்.

அதனால்தான் ஒரே ஓர் ஆசை சொல்லியிருந்தான்: "என்னையாவது உள்ள வச்சு ஜெபம் பண்ணுங்க."

மழை இருட்டிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் காலை சவப்பெட்டி கதவுக்கு முன்னால் நின்றது. தூக்கி வந்தவர்கள் நாலு பேரும் பக்கத்து வீட்டு ருமேனியர்கள். நாலு ஊருக்குச் சேர்த்து ஒரே போதகர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மரபுக் கட்டடத் துறையிலிருந்து வந்த கோர்னேலியா நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். பூட்டின் முறையை எழுதித் தரும்படி ஏழு வருடம் மெர்த்தனிடம் கெஞ்சியவள் அவள்.

"ரெகீனா அக்கா, தெரியலன்னா கூச்சப்படாதீங்க," என்றான் பெட்டியின் முன்முனையைப் பிடித்திருந்த இலாரியே. "வண்டியில கடப்பாறை இருக்கு."

"கடப்பாறையா!" கோர்னேலியா பதறினாள். "ஐயா, அது ஐந்நூறு வருஷத்து ஓக் மரம்!"

"பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கு எண்பத்தி மூணு வயசு, மேடம். அவரும் சும்மா இல்ல, நல்ல கனம்."

"சும்மா இருடா," என்றாள் ரெகீனா. "எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போனாரு."

அவள் சாவியை நுழைத்தாள். இரும்பு விரலைச் சுட்டதுபோல் குளிர்ந்தது. அவன் சொன்னபடி சுற்றினால் அவன் மழையில் கிடப்பான். மாற்றிச் சுற்றினால், கடைசி நாளில் தன் பூட்டையே மறந்துபோனவனை அவளே ஊர் முன்னால் திருத்தியதாகிவிடும். எல்லோர் கண்ணும் அவள் கையில் இருந்தது.

"எல்லாரும் தொப்பிய எடுங்க. கண்ண மூடிக்குங்க. அவருக்காக."

போதகர்கூட மூடிக்கொண்டார்.

"வலப்பக்கம் ரெண்டு," என்று ரெகீனா உரக்கச் சொன்னாள். கை இடப்பக்கம் போயிற்று. "இடப்பக்கம் ஒண்ணு." கை வலப்பக்கம் வந்தது. முழங்காலால் இடித்தாள், வலி இடுப்புவரை ஏறியது. "வலப்பக்கம் மூணு."

உள்ளே பதினொரு இரும்புகளும் ஒன்றாக நகர்ந்தன. கதவு திறந்தது. கல்லும் மெழுகும் கலந்த பழங்காற்று வெளியே வந்து, பெட்டிமேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

"அடேயப்பா," என்றான் இலாரியே. "கிழவர் நல்லாத்தான் பழக்கியிருக்காரு."

ரெகீனா திரும்பி அவர்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

அடக்கம் முடிந்தபின் கோர்னேலியா நடையில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியபடியே எழுதியதால் அவள் நீட்டிய தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"வலது ரெண்டு, இடது ஒண்ணு, முழங்கால், வலது மூணு. சரிதானேம்மா? துறையோட பதிவுல ஏறப்போகுது. எப்பவும் இருக்கும்."

ரெகீனா தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அவர் சொன்னது இதேதான்."

"உங்களுக்கு அப்புறம் திறக்கிறவங்களுக்கு இதுதான் ஆதாரம். கீழ ஒரு பேர் போட்டுடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். சுவரின் கல்லில் தாளை வைத்து, எழுத்து எழுத்தாக, மெர்த்தனின் முழுப்பெயரை எழுதினாள். பிறகு ஈரக்காற்று படாமல் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, மை காயும்வரை ஊதியபடி நின்றாள்.