வரும், போகாது

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணிக்காரனுக்கே ஊரை விட்டு வெளியே போக வழி கிடையாது. பேருந்துகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். மலையடிவாரத்திலிருந்து ரயிலடி வரை காவடிக் கூட்டம். அத்தனை பேர் கையிலும் போன் இருப்பதால் டவர் எல்லாம் திணறிப் படுத்துவிடும். அந்த நாளில்தான் ஹைதராபாத் கம்பெனி கிங்ஸ்லிக்கு ஆன்லைன் இன்டர்வியூ வைத்திருந்தது.

கிங்ஸ்லி இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். அக்கா புருஷன் எலியேசர் பாவாவின் கேபிள் நெட்டில் ஃபைபர் ஒட்டுகிறான். அக்கா வீட்டுச் சாப்பாடு, அக்கா வீட்டு மாடியில் தூக்கம், பாவா கைகாட்டிய கம்பத்தில் ஏற்றம். வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் எலியேசர் கோபப்பட மாட்டார். சிரிப்பார்.

"நீ போய்ட்டா இந்த ஊர்ல யார்ரா ஒட்டுவா?"

அந்தச் சிரிப்பைத் தாண்டி அவன் ஒருநாளும் போனதில்லை. இந்த இன்டர்வியூவை அவரிடம் சொல்லவும் இல்லை.

அக்கா வீட்டு மாடியில், லேப்டாப்பில் மூன்று பேர் தெரிந்தார்கள். முதல் கேள்விக்கு அவன் பதில் சொன்னான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த பெண், உங்கள் குரல் வரவில்லை, படமும் அப்படியே நிற்கிறது என்றார். கிங்ஸ்லி உரக்கப் பேசினான். எழுதி அனுப்பினான். எழுதியது போகாமல் வட்டம் மட்டும் சுற்றியது. ஆனால் அவர்கள் பேசுவது சுத்தமாகக் கேட்டது. ஓரத்தில் இருந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம், இவன் லைனே இப்படி இருக்கிறது, இவன் ஃபைபர் வேலைக்கு வருகிறானாம் என்று முணுமுணுத்ததுகூடக் கேட்டது. அடுத்த ஆளை முடித்துவிட்டு இன்னொரு முறை கூப்பிடுகிறோம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறைந்தார்.

கோளாறு எங்கே என்று அவன் தேட வேண்டியதில்லை. அதைச் செய்தவனே அவன்தான்.

போன வருடம் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து எலியேசர் ஒரு டிரம் பழைய கேபிள் கொண்டுவந்தார். ஃபைபர் என்பது முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. எவ்வளவு சாய்வாக வரும் ஒளியை அது உள்ளே வாங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. நியூமரிக்கல் அபெர்ச்சர் என்பார்கள். மெயின் லைனுக்கு அந்த எண் சிறியது, ஒளி ஓடும் நடுப்பகுதியும் மெல்லியது. ஏறக்குறைய நேராக வரும் ஒளியை மட்டும் வாங்கும். டிரம் கேபிளுக்கு எண்ணும் பெரியது, நடுவும் தடித்தது. கோணலாக வருவதையும் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒட்டினால் சின்னதிலிருந்து பெரியதற்குள் ஒளி சிந்தாமல் போய்விடும். திரும்பி வரும்போது பெரும்பகுதி ஒட்டிய இடத்திலேயே சிந்திவிடும். கிங்ஸ்லி அன்றே இதைச் சொன்னான்.

"வருது இல்ல? அப்புறம் இன்னா? நம்ம தெருவுல யார்ரா அனுப்பிகினு இருக்கான்? எல்லாம் பாக்குற கூட்டம்," என்றார் எலியேசர்.

அது உண்மைதான். தெரு முழுக்க அந்தக் கேபிளில் படம் பார்த்தது, யாருக்கும் குறை இல்லை. எதிர்வீட்டு வரலட்சுமி மட்டும், மஸ்கட்டில் இருக்கும் புருஷனுக்குத் தன் முகம் உறைந்து நிற்கிறது என்று வந்து சொன்னாள். போனை மாத்தும்மா என்றார் எலியேசர். அவள் மாற்றினாள். கிங்ஸ்லி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கேபிளையும் ஒட்டிய பெட்டி தெருமுனை பேக்கரியின் மொட்டைமாடியில் இருந்தது. அந்த மாடிக்குப் படி கிடையாது. கிங்ஸ்லி லேப்டாப், ஃபைபர் ஒளியை நெட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் பெட்டி, பவர் பேங்க் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் வைத்துக் காவடிகளுக்கு நடுவே புகுந்தான். மேலே ஏறிப் பெட்டியைத் திறந்து, தான் ஒட்டியதைத் தானே வெட்டினான். தெருவில் எல்லா வீட்டிலும் மலைக்கோயில் நேரலை நின்றது. மெயின் லைன் நுனியில் கனெக்டரை மாட்டிக் கன்வெர்ட்டரில் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

அவர்கள் கூப்பிட்டார்கள். இந்த முறை குரல் போனது. கூடவே பம்பைச் சத்தமும் அரோகராவும் போயின. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார் அந்தப் பெண். வேலையில் இருக்கிறேன் என்றான். கடைசியாகச் சரிசெய்த கோளாறு என்ன என்று கேட்டார். அவன் இதையே சொன்னான். முணுமுணுத்தவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டார். முடிவில், எடுப்பதாக இருந்தால் சாயங்காலத்துக்குள் மெயில் வரும், உடனே ஒப்புதல் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு என்றார்கள்.

கீழே எட்டிப் பார்த்தால் எலியேசர். கையில் ஒட்டும் மெஷின் பெட்டி. பக்கத்தில் வரலட்சுமியும் இன்னும் சிலரும்.

"இன்னாண்ணா, அபிஷேகம் பாத்துகினு இருந்தோம், லைன் புட்டுகினு போச்சு," என்றாள் வரலட்சுமி.

"மேல இருக்கான் பாரும்மா, அவனைக் கேளு. டேய் கிங்ஸ்லி, இன்னாடா பண்ணிகினு இருக்க? சீக்கிரம் ஒட்டு."

"சாயங்காலம் ஒட்டுறேன் பாவா. ஒரு மெயில் வரணும்."

"இன்னா மெயிலு?"

"ஐதராபாத்ல வேலை."

எலியேசர் வழக்கம்போலச் சிரித்தார். "அதுக்கு எங்க லைனை வெட்டுவியா? ஊட்டுல இருந்து பேசறதுதானே?"

கிங்ஸ்லி அவரைப் பார்க்கவில்லை. வரலட்சுமியைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, உன் போன்ல கோளாறு இல்ல. இவுரு போட்ட கேபிள்ல இந்தப் பக்கத்துலருந்து எதுவும் ஒழுங்கா போகாது. ஒட்டுனது நான்தான்."

வரலட்சுமி திரும்பி எலியேசரைப் பார்த்தாள். "அப்ப புது போன் எதுக்குண்ணா வாங்க வெச்ச?"

எலியேசரின் சிரிப்பு போயிருந்தது. ஏணியைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் படுக்கப் போட்டார்.

"ஒட்டுறேன்னு சொல்லு, மெஷினைக் கயிறு கட்டி அனுப்புறேன். ஒட்டிட்டு ஏணியைக் கேளு."

"ஒட்டுனா என் பதில் போவாது பாவா."

"ஆங். போவாது."

பேக்கரியிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு எலியேசர் ஏணிமேல் கால் வைத்து உட்கார்ந்தார். மெஷின் மடியில் இருந்தது. அவருக்கு ஒட்டத் தெரியாது. மேலே, ஒட்டத் தெரிந்தவனுக்கு இறங்க வழியில்லை. குதித்தால் கால் போகும். தண்ணீர் கொண்டுவரவும் மறந்திருந்தான். மாடித் தளம் வெயிலில் கொதித்தது.

கிங்ஸ்லி சட்டையைக் கழற்றி லேப்டாப்புக்கு நிழல் பிடித்தான். பவர் பேங்கில் இன்னும் ஒரு விளக்குதான் மீதி. மெயில் வரவில்லை. கீழே பச்சை வேட்டிக் கூட்டம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.