ரேணுகாம்பாள் இடுப்பில் நடந்தவன்

1979ஆம் வருஷம் ஆனி மாதத்தில், கால் சுளுக்கி உட்கார்ந்த இடத்திலேயே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அடி அண்ணாமலை கிராமத்து ரேணுகாம்பாள் ஒரே நாளில் பதினோராயிரத்து நானூறு அடி நடந்தாள். வயது வந்தவர்கள் தினமும் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்த ராமதாஸ், தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை ஊரில் நாற்பது பேர் இடுப்பில் ஏழு நாளைக்குக் கட்டியிருந்தார். அடிக்கு ஒரு டிக் சொல்லி எண்ணிக்கையைத் தள்ளும் கருவி அது. "ஆட்டுக் கழுத்துல கட்டி உட்டுட்டீங்களாம்மா?" என்று அவள் கணக்கைப் பார்த்துக் கேட்டுவிட்டு வேறொன்றை மாற்றிக் கட்டினார். அதுவும் அப்படியே எண்ணியது.

ராமதாஸுக்குப் பிடிபடாதது ரேணுகாம்பாளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு டிக் அழுத்தமாக, அடுத்தது இழுத்தாற்போல. இடது காலை இழுத்து வைக்கும் அந்த நடை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சந்தைக்கென்று கிளம்பிப் போன அவள் புருஷன் சடையனுடையது. காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் முடிந்தால் வைக்கோலில் உருவம் கட்டிக் கொளுத்தி, பெண்டாட்டி தாலியைக் கழற்றுவது அவர்கள் வழக்கம். அதற்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் ஆதிமூலம் வைக்கோலும் கையுமாக வந்து நின்றார்.

"அவரு நடந்துக்கினு இருக்காருண்ணே. உசுரோட இருக்கறவருக்கு எப்பிடிக் கொள்ளி வெப்பீங்க?" என்றாள். கருவியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்ட ஆதிமூலம், மச்சானின் நடையை அடையாளம் கண்டு, வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

எட்டாம் நாள் ராமதாஸ் கருவியைக் கழற்றிக்கொண்டு போனார். சத்தம் மட்டும் அவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது. தெருக்காரர்களுக்கு ஒரு மாதத்தில் அது பழகிப்போனது. அவ்வருஷம் கார்த்திகை தீபத்தன்று காலையிலிருந்தே சத்தம் கூடிக்கொண்டு வந்தது. மலை சுற்றும் கூட்டம் அவள் வாசல் வழியாகத்தான் போகும். அவள் வாசலில் நின்று ஒவ்வோர் ஆம்பளையின் காலாகப் பார்த்தாள். அத்தனை கால்களுக்கு நடுவே அந்தச் சத்தம் வீட்டுக்கு நேரே வந்தது, காதை அடைத்தது, ஓர் அடிகூடத் தயங்காமல் தாண்டிப் போனது. காணாமல் போனவன் என்று இத்தனை வருஷம் அழுதவள், வர இஷ்டமில்லாதவன் என்று அன்று அழுதாள். இது வேறு அழுகை, இதற்குத் துணைக்கு அழ ஆள் கிடையாது. அடுத்தடுத்த தீபங்களுக்கும் அவன் அப்படியே வந்து போனான். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

1986 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு, முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது. எங்காவது உட்கார்ந்திருப்பான் என்று சாயங்காலம் வரை பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். வியாழக்கிழமை தலை முழுகி, பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய் அண்ணன் எதிரில் நின்றாள்.

"அவருக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிடலாண்ணே."

"என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார் ஆதிமூலம்.

"செவ்வாக்கெழம. பத்து மணி இருக்கும்."

ஆதிமூலம் ஆணியிலிருந்து காலண்டரை எடுத்து, செவ்வாய்க்கிழமைக்கு என்ன திதி என்று பார்த்தார்.