பூ உதிர்ந்தபின் அகழ்ந்த கிழங்கு

பனிமலைகள் மூன்று புறமும் சூழ்ந்து நிற்க, உருகிவந்த நீரைப் பருகிக் கொழுத்த அப்பெரும்புல்வெளியில் காமாசுக் கிழங்குச் செடிகள் ஒருசேரப் பூத்து, தொலைவில் நின்று காண்போர் ஏரியென்றே மயங்கும்படி நீலம் பரந்து கிடந்த காலைப்பொழுது அது. அந்நீலத்தின் அடியில்தான் எங்கள் மக்களின் குளிர்கால உணவு விளைகிறது. அதனருகிலேயே, இலையாலும் தண்டாலும் கிழங்காலும் அதனையே ஒத்து, பூவின் வெண்மையால் மட்டும் வேறுபட்டு, உண்டாரை ஒரு பகலில் கொல்லும் சாக்கிழங்கும் விளைகிறது. ஆதலால் பூக்கும் பருவத்தில் பெண்டிர் தத்தம் பாத்தியில் இறங்கி வெள்ளைப் பூச்செடிகளை வேரோடு களைவதும், பூ உதிர்ந்தபின் கிழங்கு அகழ்வதும் எங்கள் வழக்கம்.

அதற்கு முந்தைய ஆண்டு அவ்வழக்கம் தவறியது. பூத்திருந்த நாளெல்லாம் பாதிரியார் திருநாளென்று எங்களைக் கோவிலடியிலேயே நிறுத்திக்கொண்டார். மீண்டு வந்தபோது காய்ந்த தண்டுகளே நின்றன. எங்கள் விரல் அறியாத கிழங்கும் உண்டோ என்னும் செருக்கு எங்களுக்கு என்றும் உண்டு, அன்பீர். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஓதீல் ஒரு கூடையும், அவள் கணவன் மத்தியாவின் தமக்கை அகத்தா ஒரு கூடையும் அகழ்ந்து வந்து ஒரே குழியில் கொட்டினர். கிழங்குகள் சுடுகற்களின்மேல் இரண்டு நாள் வெந்து, கறுத்து, இனித்தன. இடித்துத் தட்டிய முதல் அடையை உண்ட மத்தியா, வாயில் நுரை ஒழுகக் கைகால் இழுத்து, பொழுது சாயுமுன் இறந்தான்.

எவள் கூடையில் வந்தது சாவு? மத்தியாவுக்கும் அகத்தாவுக்கும் அண்ணனான பியேர் ஓதீலை மட்டுமே நோக்கினான்.

"அடுத்த வருசம் பூக்கட்டும், தெரிஞ்சிடும். உன் பாத்தியில வெள்ளை நின்னா நீ உன் சனத்துகிட்டயே போயிடு. புள்ள இங்கதான் இருப்பா."

அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது. குளிர்காலம் முழுதும் ஓதீலுக்கு உறக்கம் கொள்ளவில்லை. குழந்தை எதையேனும் மென்றால் கணவனின் பற்கள் கிட்டிய ஓசையே கேட்டது. வாயிலில் நிழல் விழுந்தால், யார் கூடை என்று கேட்டபடி அவனே வந்து நிற்பதாய்த் தோன்றியது. மீண்டும் பூத்ததும், பாத்தியைப் பார்வையிடப் பியேர் குறித்த அந்தக் காலையில், ஊர் எழுமுன் தன் பாத்தியின் வெண்மையைத் தானே அழித்துவிடும் எண்ணத்தோடு அவள் வந்தாள். அங்கே மடியில் வெள்ளைப் பூச்செடிகளோடு மண்டியிட்டிருந்தாள் அகத்தா.

"இங்க என்ன பண்றீங்க, அண்ணி?"

"நீ பண்ண வந்ததத்தான்" என்றாள் அவள், தலை நிமிராமல். "மெல்லப் பேசு. அண்ணன் எழுந்துடுவாரு."

"எத்தனை இருந்துச்சு?"

"நாலு."

ஓதீல் ஈரமண்ணில் அமர்ந்துவிட்டாள். "அப்ப நான்தான்."

"அழுவாதடி. நேத்து என் பாத்தியில ஏழு புடுங்கி ஆத்துல விட்டேன். அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே, அதான் எனக்குத் தாங்கல."

"அப்ப யாரு அண்ணி?"

"தெரியாது. தெரியாமத்தான் சாவப்போறோம். எந்திரி, கைய கழுவு."

ஞாயிறு ஏறியபின் பியேர் வந்து நீலத்தையன்றி வேறொன்றும் காணாமல், "சரி, புள்ளைய வச்சுக்க" என்று முனகிவிட்டுத் திரும்பினான். மகள் தாயிடமே தங்கினாள். தாய் மகிழ்ந்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், சொன்னால் பொய்யாகும்.

பூ உதிர்ந்தது. இருவரும் அகழ்ந்தனர், ஒரே குழியில் அவித்து, ஒன்றாக இடித்து அடை தட்டினர். பசித்த குழந்தை கைநீட்ட, இருவர் கையும் ஒருங்கே பாய்ந்து அச்சிறு கையைப் பற்றின.

"இரு கண்ணு, நாளைக்குத் திங்கலாம்" என்றாள் தாய்.

பின்னர் அவ்விருவரும் ஆளுக்குப் பாதியாக ஓர் அடையை உண்டு, எதிரெதிரே அமர்ந்து, பொழுது சாய்ந்து மறுநாள் விடியும்வரை ஒருத்தி உதட்டை ஒருத்தி நோக்கியிருந்தனர். குற்றம் இன்னாரது என்று தெரிந்திருப்பின் ஒருத்தி அழுதும் மற்றொருத்தி பொறுத்தும் ஆறியிருப்பர். தெரியாமையோ இருவரையும் விடவில்லை. ஆண்டுதோறும் இருவரும் அவ்வாறே முதலில் உண்டு, விடியக் கண்ட பின்னரே குழந்தைக்கு அடை தந்தனர். அக்குழந்தை இன்று வளர்ந்த பெண். குழியிலிருந்து எடுத்த கிழங்கின் சூட்டை அவள் நாக்கு இன்றுவரை அறியாது.