பழுப்பு இறகுப் பூச்சி

…பின்னால் போன நூல் முழுசாக நீளட்டும், அதுவரை கையை அசைக்காதே, இப்போது முன்னால்… அய்யோ, மறுபடியும் வேலிக்காத்தானில் சிக்கிக்கொண்டது, ஏழாவது தடவை, சிக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம், திண்டிவனத்தில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூண்டில் வீசிப் பழகினால் ஆடு மேய்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். இருதயசெல்வி முட்களுக்குள் கையை விட்டு நூலை விடுவித்தாள். நுனியில் சிவப்புக் கம்பளித் துணுக்கு. பழகுவதற்கு அது போதும், நிஜப் பூச்சிகள் வீட்டில் சோப்பு டப்பாவுக்குள் இருக்கின்றன, பன்னிரண்டும் அவள் கட்டியவை. வானூர்ப் பக்கத்துக் கம்பெனியில் தொண்ணூற்று மூன்றில் சேர்ந்ததிலிருந்து, பதினான்கு வருஷமாக அதுதானே வேலை, தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது, வெளிநாட்டில் டிரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்கு அனுப்புவது. எத்தனை ஆயிரம் கட்டியிருப்பாள், ஒரு டிரவுட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அதைத்தானே மேனேஜர் வெங்கடாசலம் கேட்டார், எல்லோர் முன்னாலும், அவளுடைய பழுப்பு இறகுப் பூச்சியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கம்பெனி கொடுத்த மாதிரிப் படத்தில் இருப்பதைவிட ஒரு சுற்று குறைத்துக் கட்டியிருந்தாள், வேண்டுமென்றேதான், அப்போதுதான் அது நனைந்த ஈசல் மாதிரி தண்ணீரில் தொய்ந்து உட்காரும். “மீனு இத திரும்பிக்கூட பாக்காதும்மா. நீ இன்னா, மீன பாத்துக்கினா கட்டற?” பெட்டி முழுவதையும் கத்தரித்துப் போடச் சொன்னார். பன்னிரண்டை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்… திருட்டா அது? கட்டிய கை யாருடையது?

அதனால்தான் போகிறாள். மீனைப் பார்த்தே விடுவது. ஊட்டிக்கு மேலே பஸ் போகாத ஏரிகள் இருக்கின்றனவாம், வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட டிரவுட் இன்னும் அங்கே இருக்கிறதாம், வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் அனுமதி கேட்டு எழுதிப் போட்டாயிற்று, வழி காட்ட ஓய்வுபெற்ற வனக்காவலர் கோதண்டபாணி சம்மதித்தாயிற்று. போனில் அவர் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது, “பதினாறு கிலோமீட்டர் நடக்கணும்ங்க, கூட சார் வர்றாருங்களா?” எந்த சார்? அவள் அப்படியே கேட்டாள், எந்த சாருங்க? அவர் அட்டை, மழை என்று பேச்சை மாற்றிவிட்டார். அட்டை கடித்தால் போட உப்பு, மழைக்கோட்டு, வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை, கேப்பை மாவு, இரண்டு நாள் தங்கக் கூடாரம்… நடக்க முடியாது என்கிறார்களா? வேளாங்கண்ணி மாதாவைத் தவிர யாரையும் கும்பிடாதவள் மூன்று வாரமாக மயிலம் முருகன் மலைப் படிகளில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு ஏறி இறங்குகிறாளே, எதற்கு? பூசாரிகூடக் கேட்டுவிட்டார். சொன்னாள். அவரும் சிரித்தார்.

கரைமேல் பைக் நின்றது. அண்ணன் சவுரிராயன், பத்து நாளாகப் பேசாதவன், காடு மலையெல்லாம் பொம்பள தனியா போற எடமா என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன், கையில் பழுப்புக் கவரோடு இறங்கி வந்தான். வரட்டும். அவனுக்கென்று மூன்று பதில் வைத்திருந்தாள், மூன்றாவதைக் கேட்டால் ஜென்மத்துக்கும் வாய் திறக்கமாட்டான்.

“நேத்தே வந்துச்சு. பர்மிஷன் குட்த்துட்டானுங்க.”

“ஒரு நாளு வச்சிக்கினு இன்னா பண்ண? கிழிக்கலாமான்னா?”

அவன் நூலைப் பார்த்தான், தூண்டில் கோலைப் பார்த்தான், முள் கீறிய அவள் கையைப் பார்த்தான். “கிழிக்கலாம்னுதான் இருந்தேன்,” என்றான். “ஒங்க அண்ணி ஸ்வெட்டர் பின்னிக்கினு இருக்கா. குளிருமாம். போய்ட்டு வா.”

அவ்வளவுதான். பைக் சத்தம் போய்விட்டது. கவர் கையில் லேசாக இருந்தது. சந்தோஷம் வரவேண்டும் இல்லையா, ஏன் எரிச்சல் வருகிறது, தள்ளிக்கொண்டிருந்த கதவை யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்ட மாதிரி ஏன் கால் தடுமாறுகிறது… அந்த மூன்று பதிலையும் இனி யாரிடம் சொல்வது? பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் பனிக்குள் ஒரு தண்ணீர், அங்கே அவளை வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இருக்கப்போவதில்லை. அந்தக் கரையில் போய் நிற்கப்போகிறவளை, நினைத்துப் பார்த்தால், அவளுக்கே இன்னும் தெரியாது.