நாரைக்குஞ்சின் அறையில் பேசக் கூடாது

என் பட்டப்பெயர் ரேடியோ. இப்படி ஒரு வாயாடியைப் பேசவே கூடாத வேலையில் சேர்த்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. நாரைக்குஞ்சின் அறைக்குள் போகும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. கையில் நாரைத்தலை பொம்மை. அதன் அலகால்தான் மீன் ஊட்ட வேண்டும். மனிதக் குரல் கேட்டு வளர்ந்தால் குஞ்சு மனிதர்களையே தாயென்று நம்பிவிடும். வெளியே விட்டதும் பேச்சுச் சத்தம் வரும் பக்கம் போய் நிற்கும். பேசுகிறவன் கையில் துப்பாக்கியும் இருக்கலாம்.

இந்த இனத்தில் உலகத்திலேயே மிச்சம் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதாக ஒரு குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வந்து அசையாமல் கிடந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "எந்திரி கண்ணு, எந்திரிடா" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். தலையைத் தூக்கியது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். அது துவளும்போதெல்லாம், முதல் மூன்று நாளும் பேசினேன்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு மாதமாக, இந்த நாரைக் காப்பகத்தை நடத்தும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாலே வேறு பக்கம் நழுவிவிடுவேன்.

இன்று சோதனை. டாக்டரம்மா அங்கியில்லாமல் கூண்டுக்குள் போய்க் கைதட்டிச் சத்தம் போட்டார். நாரை அரண்டு கோடிக்கு ஓடியது. நானும் அங்கியில்லாமல் வலைக்கு வெளியே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பிரமாதம்! நாளைக்கே விட்டுடலாம்" என்றபடி வெளியே வந்தார். படிவத்தை எடுத்தார். "ஒரே ஒரு கேள்வி பாக்கி. குஞ்சா இருக்கறப்ப யாராவது பேசினீங்களா? இல்லேன்னு சும்மா தலைய ஆட்டு ரேடியோ, போதும்."

தலையை ஆட்டினால் அது நாளை வெளியே போகும், எவனோ ஒருவன் பேச்சைக் கேட்டு நெருங்கும். உண்மையைச் சொன்னால் ஆயுள் முழுக்கக் கூண்டு. என் வேலை போவது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒருவேளை மறந்திருக்குமோ? மூன்றே நாள்தானே?

"நான் பேசினேன் டாக்டரம்மா."

மெதுவாகத்தான் சொன்னேன். கோடியில் பதுங்கியிருந்த நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. இதுவரை பார்த்தேயிராத என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மீனுக்காக வாயைத் திறந்தது.