பாஸில் ஒட்டிய முகம்

என் தம்பி ரெஜினுக்கு எதிலும் அவசரம். பிரிண்டரிலிருந்து ஸ்டிக்கர் தாள் முழுசாக வெளியே வருவதற்குள் பிடித்து இழுத்தான்.

"மை காயலடா எருமை. பத்து நிமிஷம் பொறு."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால், எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் குழந்தைகளின் நோட்டுகளில் ஒட்டும் போட்டோவெல்லாம் என் கைவேலைதான். செல்போன் படத்தைப் பின்பக்கம் பசையுள்ள தாளில் அச்சடித்து, வெட்டி, உரித்து ஒட்டினால் முடிந்தது. அன்று ரெஜின் கொண்டுவந்தது நோட்டு அல்ல. நிலக்கரி மைன்ஸ் கேட்டில் காட்டும் காண்ட்ராக்ட் தொழிலாளி பாஸ். அதில் இருந்தது அவன் கூட்டாளி இளம்பரிதியின் முகம்.

முத்தாண்டிக்குப்பத்தில் இளம்பரிதியின் தங்கையை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்களாம். மட்டம் போட்டால் காண்ட்ராக்டர் லிஸ்ட்டிலிருந்து பேரை அடித்துவிடுவாராம். அதனால் அவனுக்குப் பதிலாக இவன் முதல் ஷிப்டு போவானாம்.

"சூப்பர்வைசர் புதுசுக்கா. யாரையும் தெரியாது. என் வேலையைப் பாத்துட்டார்னா, அப்புறமா விஷயத்தைச் சொல்லி அடுத்த லிஸ்ட்ல எனக்கும் பாஸ் வாங்கிடுவேன்."

"மூஞ்சி மாறினாலும் பேர் மாறலையேடா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கு ஆச்சுன்னு எழுதுவாங்க?"

"வாயைக் கழுவுக்கா. ஒரு ஷிப்டுதானே!"

இளம்பரிதிக்கு நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அந்தப் பக்கம் ரெஜின் ஒரு நாள்கூட நின்றதில்லை. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக வேலைக்கு அலையும் பிள்ளை. பாழாய்ப்போன பாசம், தாளை உரித்தேன். இளம்பரிதியின் முகம் மறைந்து என் தம்பி சிரித்தான். ஓரங்களை நகத்தால் அழுத்திக் கொடுத்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனான். ஒன்பது மணிவாக்கில் மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இந்த ஊருக்கு அது புதிதல்ல. இருந்தாலும் ரெஜினுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை போட்டேன். வேலை நேரத்தில் எடுக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வாசலில் பைக் நின்றது. புதுச் சட்டையோடு இளம்பரிதி இறங்கினான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, சூப்பர்வைசர் எங்க வூட்டுக்குப் போன் பண்ணாருக்கா. நான் பெல்ட்ல மாட்டிகினு செத்துட்டேன்னு சொன்னாரு. எங்கம்மாதான் எடுத்துச்சு. எம்புள்ள இங்க இட்லி துன்னுகினு கீறான்னு சிரிச்சிட்டு வச்சிடுச்சுக்கா."

அதற்குள் அவன் கையில் எடுத்து வந்திருந்த அவன் அம்மாவின் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை. "நீங்க பேசுங்கக்கா" என்று என்னிடம் நீட்டினான். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்த சூப்பர்வைசர்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் காட்டணும்மா. இளம்பரிதிக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா" என்றேன்.